ஓரம் மாஸ்டரின் பயண நோக்கம்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் பத்தொன்பது வருடமாக நாள்தோறும் ஐந்து வண்டிகளை ஓட்டுகிறேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே. நகராட்சியின் முதியோர் வண்டிப் பிரிவில் தொலைபேசி எடுப்பவள் நான். சொந்தமாக வண்டி ஓட்ட முடியாமல் போன வயசாளிகள் முந்தின நாளே எங்களுக்குச் சொல்லிவிட்டால், வீட்டு வாசலில் ஏற்றிப் போக வேண்டிய இடத்தில் இறக்கிவிடுவோம். யாரை எந்தத் தெருவில் ஏற்றுவது, யாருக்குச் சக்கர நாற்காலி, யாருக்கு முன் இருக்கை, எந்த இரண்டு பேரை ஒரே வண்டியில் உட்கார வைத்தால் சண்டை வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சுவரில் ஊர் வரைபடம், மேசையில் இரண்டு தொலைபேசி, ஒரு கட்டு மஞ்சள் விண்ணப்பம். ஜன்னலைத் திறந்தால் டீசல் வாடை, மூடினால் புழுக்கம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் டிரைவர்கள் சொல்வார்கள். பொய்யில்லை.

எனக்கு ஏன் வண்டி ஓட்டத் தெரியாது என்பதற்குக் காரணமான மனிதரைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அவரை ஊரே ஓரம் மாஸ்டர் என்று கூப்பிடும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் முப்பத்தெட்டு வருடம் சொல்லிக்கொடுத்தவர். மற்ற பள்ளிகளில் முதல் நாள் கிளச், இரண்டாம் நாள் கியர் என்று போகும். இவரிடம் சேர்ந்தால் முதல் நான்கு நாளும் ஒரே பாடம்தான்: ஓரங்கட்டுவது. பத்தடி போவதற்குள் "ஓரம்!" என்பார். கண்ணாடி பார்த்து, திரும்பும் விளக்குப் போட்டு, ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மறுபடி பத்தடி. மறுபடி "ஓரம்!" நாலாம் நாள் முடிவில், தூக்கத்தில் எழுப்பி அந்தச் சொல்லைச் சொன்னாலும் கை தானாக ஸ்டீயரிங்கை ஒடிக்கும். "நிறுத்தத் தெரிஞ்சா போதும். ஓட்டறதை நாய்க்குட்டிகூடக் கத்துக்கும்" என்பது அவர் கட்சி.

நாய்க்குட்டி கற்றுக்கொண்டதோ என்னவோ, நான் கற்றுக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வயதில் அவரிடம் சேர்ந்தேன். ஐந்தாம் நாள் அவர் "ஓரம்" என்றார். நான் ஓரத்தைத் தாண்டி ஒரு செடிக்கடைக்குள் போய் நிறுத்தினேன். பதினான்கு பூந்தொட்டி. மாஸ்டர் நிதானமாக இறங்கினார், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார், உடைந்த தொட்டிகளை ஒரு பார்வை பார்த்தார். "நீ வண்டி ஓட்டாம இருந்தாலே இந்த ஊருக்குப் பெரிய உதவிம்மா" என்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் பூந்தொட்டி. எனக்கு அவர் மேல் இருபத்து நான்கு வருடக் கோபம்.

தன் தவறை அவர் ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை, யாரும் கேட்டதில்லை. பாதை தவறி முட்டுச்சந்துக்குள் வண்டியை விடச் சொன்னால்கூட, "இது ரிவர்ஸ் பாடம்" என்று சொல்லிச் சமாளித்துவிடுவார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு அக்கா. ஊரின் மறுகோடியில், தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு மேலே தனியாக இருக்கிறார். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தந்தி போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அந்த அம்மாவின் எழுத்தில் மட்டும் போகவில்லை. ஒரு வேண்டாத சொல் இருக்காது. சனிக்கிழமை தவறாமல் தம்பி காரில் போவார், அக்காவை ஏற்றிக்கொண்டு கடைத்தெரு, ஏரிக்கரை என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். மாஸ்டரின் மனைவி இறந்த பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை.

போன வருடம் ஒரு சனிக்கிழமை நின்றது. ஏரிக்கரையில் இடப்பக்கமிருந்து ஒரு சைக்கிள்காரர் வந்தார். மாஸ்டர் பார்க்கவே இல்லை. அக்கா போட்ட கூச்சலில் சைக்கிள்காரர் குதித்துத் தப்பித்தார், ஒரு சிராய்ப்போடு. "நீ வண்டி ஓட்டினது போதும். விட்டுடு" என்றார் அக்கா. "ஓட்டத் தெரியாதவங்க ஓட்டறதைப் பத்திப் பேசக் கூடாது" என்றார் தம்பி. அக்காவை வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை, அக்கா சொன்னது தப்பு என்று நிரூபிப்பதற்காகவே கண் டாக்டரிடம் போனார். அங்கே ஒரு பெட்டிக்குள் முகத்தை வைக்கச் சொல்வார்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும். தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். மாஸ்டர் பத்து நிமிடத்தில் நாலைந்து முறைதான் அழுத்தினார். "டாக்டர், உங்க மெஷின் ரிப்பேரு" என்றார். மெஷின் நன்றாகத்தான் இருந்தது. கண் அழுத்தம் ஏறி ஏறி, பக்கப் பார்வை முழுக்கப் போயிருந்தது. நடுவில் மட்டும், ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல, கொஞ்சம் மிச்சம்.

யாரும் சொல்லவில்லை, அவராகவே அன்று மாலை உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காரைத் தன் பழைய மாணவரின் பயிற்சிப் பள்ளிக்கே அனுப்பிவிட்டார். "மாஸ்டரையே ஓரங்கட்டிட்டாங்களே" என்று பக்கத்துக் கடைக்காரர் கிண்டல் செய்தபோது, "யாரும் கட்டலை. நானே கட்டினேன். அதுலயும் விளக்குப் போட்டுத்தான் கட்டினேன்" என்றாராம். இதைக் கேட்டபோது என் பழைய கோபத்தில் பாதி போய்விட்டது. பாதிதான்.

உரிமம் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது: அக்காவிடம் போக வழியில்லை. தொலைபேசியில் பேசலாம் என்றால் அந்த அம்மாவுக்குக் காது மந்தம். "யாரு? யாரு?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்துவிடுவார். மாஸ்டர் கடிதம் எழுதினார். வாழ்க்கையிலேயே முதல் முறையாக, "நீ சொன்னதுதான் சரி" என்று எழுதினார். கண்ணைப் பற்றி மட்டும் எழுதவில்லை, அக்கா கவலைப்படுவாரே என்று. பதில் வந்தது: "கிடைத்தது. எழுதுவது எளிது. நேரில் வந்து சொல்."

மாஸ்டர் நேரில் போகக் கிளம்பினார். முதலில் டாக்ஸி. அவர் சும்மா உட்கார்ந்து வரும் ஆளா? "கண்ணாடியைப் பாரு, வெளக்கு எங்கே, அந்தத் திருப்பத்துக்கு ரெண்டாவது கியர்" என்று வழி நெடுகப் பாடம். முதல் டிரைவர் பல்லைக் கடித்தார். இரண்டாமவர் பாட்டைச் சத்தமாக வைத்தார். மூன்றாமவர் பாதி வழியில் வண்டியை நிறுத்தி, சாவியை நீட்டி, "நீங்களே ஓட்டுங்க சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகு அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தால் அவர் முகவரிக்கு எப்போதும் வண்டி இல்லை.

மகளுக்குக் கார் உண்டு. ஆனால் மருத்துவமனை நர்ஸ். சனி ஞாயிறு பணி, மற்ற நாளில் தூக்கம். கிடைத்த ஒரு வியாழக்கிழமை அப்பாவை ஏற்றிக்கொண்டாள். நாலாவது சிக்னலில் இருவருக்கும் பேச்சு நின்றது, ஐந்தாவதில் வண்டி வீட்டுக்குத் திரும்பியது. பிறகு பஸ். இரண்டு பஸ் மாறி மேட்டடிவாரம் வரை போய்விட்டார். வண்டிப் பாதை வேறு பக்கம் சுற்றிப் போகும்; அங்கிருந்து நடப்பவர்களுக்கு நூற்றுப்பன்னிரண்டு படி. எட்டுப் படி ஏறியதும் உட்கார்ந்துவிட்டார். படியின் ஓரம் தெரியவில்லை. ஓரம் மாஸ்டருக்கு ஓரம் தெரியவில்லை என்று அவரே பிற்பாடு சொல்லிச் சிரித்தார். அன்று சிரித்திருக்க மாட்டார்.

இப்படியே பத்து வாரம் ஓடியது. பிறகுதான் என் மேசையில் தொலைபேசி அடித்தது.

"வணக்கம்மா. ஒரு வண்டி வேணும்."

குரலைக் கேட்டதும் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

"மாஸ்டரா?"

"ஆமா. யாரு பேசறது?"

"பூந்தொட்டி."

"ஏம்மா, நீயா வண்டி ஓட்டிட்டு வரப் போறே?" என்றார், உண்மையான கவலையோடு.

இல்லை என்று சொல்லி அவர் வயிற்றில் பால் வார்த்துவிட்டு, மஞ்சள் விண்ணப்பத்தை எடுத்தேன். வயது எழுபத்தாறு, பார்வைக் குறைவு, துணை தேவை. அடுத்தது பயண நோக்கம். அதில் ஐந்து கட்டம்: மருத்துவம், வங்கி, கடை, அரசு அலுவலகம், பிற (அவசியமானது).

"என்ன விஷயமாப் போறீங்க மாஸ்டர்?"

"எங்கக்கா சொன்னது சரி, என் மேலதான் தப்புன்னு அவங்ககிட்ட சொல்லணும்."

பேனா நின்றுவிட்டது. கதை முழுவதையும் அப்போதுதான் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு, "அதுக்கு இதுல கட்டம் இல்லை மாஸ்டர். மருத்துவம்னு போட்டுக்கறேன். உங்கக்கா தெரு முனையில ஒரு பல் டாக்டர் இருக்கார்" என்றேன்.

"எனக்குப் பல்லே இல்லையேம்மா."

"அப்போ கடைன்னு போடறேன்."

"முப்பத்தெட்டு வருஷத்துல மஞ்ச வெளக்குல கூட நான் போனதில்லை. உள்ளதை எழுது."

உள்ளதை எழுதினேன். 'பிற' என்ற கட்டத்தில் குறி போட்டு, பக்கத்தில்: அக்கா சொன்னது சரி என்று நேரில் ஒப்புக்கொள்ள.

எங்கள் அதிகாரி கெட்டவர் இல்லை. சட்டைப் பையில் நான்கு நிறப் பேனா வைத்திருப்பார், விதி மீறாமல் மூச்சு விடுவார், அவ்வளவுதான். விண்ணப்பம் பச்சை மையில் திரும்பி வந்தது: அவசியமானது அல்ல.

நேராக அவர் அறைக்குப் போனேன்.

"ஏன் சார் அவசியமில்லை?"

"இன்னிக்கு இவர் தப்பை ஒத்துக்க வண்டி கேப்பார். நாளைக்கு ஊர்ல இருக்கற எல்லாரும் கேக்க ஆரம்பிச்சா?"

"கேக்கட்டுமே சார். ஊரு உருப்படும்."

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மதியச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு விதிப் புத்தகத்தைப் பிரித்தேன். பத்தொன்பது வருடத்தில் அதை நான் முழுதாகப் படித்தது அன்றுதான். பதினேழாம் பக்கத்தில் மாட்டியது: 'பிற நோக்கங்களுக்கு, பயணம் அவசியமானது எனச் சம்பந்தப்பட்டவர் எழுத்து மூலம் சான்றளிக்க வேண்டும்.'

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனேன்.

"சம்பந்தப்பட்டவர்னா யாரு சார்?"

அதிகாரி அந்த வரியைப் படித்தார். "அதாம்மா, அந்த... சம்பந்தப்பட்டவர்."

"அதான் யாருன்னு கேக்கறேன்."

மறுபடி படித்தார். புத்தகத்தைத் திருப்பி முன்னட்டையைப் பார்த்தார். வேறு எங்கேயும் விளக்கம் இல்லை.

"தப்பு செஞ்சவர் ஒத்துக்கப் போறார். யார்கிட்ட ஒத்துக்கறாரோ அவங்களுக்குத்தானே சார் இது அவசியமா இல்லையான்னு தெரியும்? அவங்கதான் சம்பந்தப்பட்டவர்."

அவர் புத்தகத்தை மூடி என் பக்கம் நகர்த்தினார். கடைசியில், "எழுதி வாங்கு, பாக்கலாம்" என்றார். வாங்க முடியாது என்று நினைத்திருப்பார்.

சான்றுப் படிவத்தை அக்காவுக்குத் தபாலில் அனுப்பினேன். நாலாம் நாள் திரும்பி வந்தது. சான்றுக்கு நாங்கள் பன்னிரண்டு வரி இடம் விட்டிருந்தோம். அந்த அம்மா ஒரு வரிதான் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவசியம். எனக்கு எண்பத்தொன்று. அவனுக்கு எழுபத்தாறு. தாமதம் உங்களுடையது."

அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பச்சைப் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு நீலத்தை எடுத்தார். "சனிக்கிழமை எந்த வண்டி போகுது?" என்றார். அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். இதற்கு விதி உண்டா என்று அவர் யோசிப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

மகளுக்குச் சனிக்கிழமை பணி. துணையாக நான் கிளம்பினேன். எனக்கு அன்று விடுமுறை. ஆனால் யார் தடுத்திருந்தாலும் போயிருப்பேன். இருபத்து நான்கு வருடமாக நான் பார்க்கக் காத்திருந்த காட்சி அல்லவா?

வண்டியில் இன்னும் இரண்டு பேர். மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போகும் தையல்காரர் ஒருவர், செருப்புக் கடைக்குப் போகும் பெரியம்மா ஒருவர். டிரைவர் எங்கள் தாடிக்காரர். இருபத்தாறு வருட அனுபவம். மாஸ்டர் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும், அவருக்குத் தாடிக்குள் வேர்த்தது. அவரும் பழைய மாணவர்தான்.

"பெல்ட்டு" என்றார் மாஸ்டர்.

"போட்டுட்டேன் மாஸ்டர்."

"கண்ணாடி."

"பாத்துட்டேன் மாஸ்டர்."

அதற்குப் பிறகு ஆச்சரியமாக ஒன்றும் பேசவில்லை. கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. யாரைப் பார்க்கப் போகிறார், எதற்கு என்பதை நான் பின்னால் இருந்தவர்களுக்கு மெல்லச் சொல்லியிருந்தேன். கண்ணாடிக் கடை வந்தது. தையல்காரர் இறங்கவில்லை. செருப்புக் கடை வந்தது. "செருப்பு எங்கேயும் நடந்து போயிடாது, நீ வண்டியை விடுப்பா" என்றார் பெரியம்மா.

மேட்டில் ஏறி, அக்கா வீட்டுக்கு முந்தின திருப்பம்.

"ஓரம்" என்றார் மாஸ்டர்.

தாடிக்காரர் எதையும் யோசிக்கவில்லை. கண்ணாடி, விளக்கு, ஓரம். வண்டி நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் ஏன் நின்றோம் என்று அவருக்கே புரியாமல் திருதிருவென்று விழித்தார்.

மாஸ்டர் மடியிலிருந்த கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். "எப்படிச் சொல்றது?" என்றார்.

"எதை மாஸ்டர்?"

"தப்பு என் மேலதான்னு. எழுதறப்போ ஒண்ணும் தெரியலை. வாயால நான் சொன்னதே இல்லை. நீங்கல்லாம் எப்படிச் சொல்லுவீங்க?"

தையல்காரர் தொண்டையைக் கனைத்தார். "என்னைக் கேக்காதீங்க. சட்டை சின்னதாப் போனா, துணி சுருங்கிடுச்சுன்னு சொல்லியே நாப்பது வருஷத்தை ஓட்டினவன் நான்."

"கண்ணை மூடிட்டு, மூச்சை இழுத்துட்டு, ஒரே மூச்சுல சொல்லிடணும்" என்றார் பெரியம்மா.

"நான் வீட்டுல தினமும் சொல்றேன் மாஸ்டர்" என்றார் தாடிக்காரர். "பழகிட்டா ஒண்ணுமில்லை. என்ன தப்புன்னு கூட இப்பல்லாம் கேக்கறதில்லை."

மாஸ்டர் சிரித்துவிட்டார். வண்டியில் எல்லோருமே சிரித்தோம். "சரி, எடு" என்றார்.

அக்கா வாசலுக்கே வந்திருந்தார். மெலிந்த உடம்பு, கையில் தடி, வாசல் கேட்டின் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்தார்; பதினோரு வாரமாகத் தயார் செய்த முகம். நான் மாஸ்டரின் முழங்கையைப் பிடித்து இறக்கினேன். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கையை விடுவித்துக்கொண்டு, நேராக நடந்தார்.

அக்காவைத் தாண்டிப் போய்விட்டார்.

ஒரு முழம் தூரம்தான். தூணுக்குப் பக்கத்தில் நின்ற அக்காவை அவர் பார்க்கவே இல்லை. மூடிய கதவைப் பார்த்து, "அக்கா! நீ சொன்னதுதான் சரி!" என்று கத்தினார்.

அந்த அம்மாவின் முகத்தை அப்போது நான் பார்த்தேன். கடுகடுப்பெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஏரிக்கரையில் தம்பி கவனம் இல்லாமல் ஓட்டியதாகத்தான் அவர் நினைத்திருந்தார். கண் தெரியாமல் ஓட்டியது அந்த நிமிடம்தான் அவருக்குப் புரிந்தது. தடியை ஊன்றி, நொண்டி நொண்டிச் சுற்றி வந்து, அவர் முகத்துக்கு எதிரே நின்றார்.

"என்னடா சொன்னே? கேக்கலை."

மாஸ்டர் திடுக்கிட்டார். பிறகு முகம் மலர்ந்தது. "நீ சொன்னதுதான் சரி. தப்பு என் மேலதான்!"

"கேக்கலை."

"நீ சொன்னதுதான் சரி அக்கா! நான்தான் தப்பு! நான்தான்!"

எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. வண்டிக்குள் பெரியம்மா கை தட்டினார். அக்கா தடியைத் தூணில் சாய்த்துவிட்டு, தம்பியின் கன்னம் இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டார்.

"மொதத் தடவையே கேட்டுச்சுடா."

"அப்புறம் எதுக்கு இப்படிக் கத்த விட்டே?"

"பதினோரு வாரம் உன் சத்தமே இல்லையே." அக்கா அவர் முகத்தைத் தன் பக்கம் நிமிர்த்தினார். "என்னைத் தெரியுதா உனக்கு?"

மாஸ்டர் தலையை அப்படியும் இப்படியும் அசைத்தார், கண்ணாடியைச் சரி பார்ப்பவர்போல. "சுத்தி ஒண்ணும் தெரியலை அக்கா. வீடு தெரியலை, கேட்டு தெரியலை, யார் யார் வேடிக்கை பாக்கறாங்கன்னு தெரியலை. நீ மட்டும் முழுசாத் தெரியறே."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். சந்தோஷத்தில் அழுவதற்கு நான் வெட்கப்படுகிற ஆள் இல்லை. அவர் மேல் வைத்திருந்த மிச்சப் பாதிக் கோபமும் அந்த வாசலிலேயே போய்விட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட.

வீட்டுக்கு மூன்று படி. நான் உதவிக்குப் போனேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார்கள். அக்காவுக்கு முழங்கால் மடங்காது, தம்பிக்குப் படி தெரியாது. "இங்கே ஒரு படி இருக்கு, காலைத் தூக்கு" என்றார் அக்கா. "நீ என் தோளைப் பிடிச்சுக்கோ, அவசரப்படாதே" என்றார் தம்பி. "நான் எங்கேடா அவசரப்படறேன்?" "இதோ இப்போ பட்டியே." "படலை." "சரி, படலை. நான் சொன்னதுதான் தப்பு" என்றார் மாஸ்டர், கொஞ்சமும் தயங்காமல். அக்கா நடுப்படியில் நின்று சிரித்த சிரிப்பு தெரு முனை வரை கேட்டது. மூன்று படி ஏற அவர்களுக்கு ஐந்து நிமிடம் ஆனது.